இடிமேகத்துக்கு மேலே சிவப்பு மின்னொளி: ஸ்பிரைட் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

பெரிய இடிமழை ஒன்று 200, 300 கி.மீ. தள்ளிப் பெய்துகொண்டிருக்கிறது. உங்கள் தலைக்கு மேலே மேகமே இல்லை, நட்சத்திரங்கள் கொட்டிக் கிடக்கின்றன. அடிவானத்தில் மின்னல் வெட்டுவது தெரிகிறது, ஆனால் இடிச்சத்தம் கேட்கவில்லை. ஸ்பிரைட் பார்க்க இதைவிட நல்ல இரவு கிடையாது.

ஸ்பிரைட் என்பது தரையிலிருந்து ஏறக்குறைய 50 முதல் 90 கி.மீ. வரையுள்ள உயரத்தில் தோன்றும் சிவப்பு மின்னொளி. இடிமேகத்தின் உச்சி பெரும்பாலும் 12 முதல் 18 கி.மீ.க்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு நீண்ட இடைவெளி, அதற்கும் மேலேதான் இந்த ஒளி. சில மில்லிநொடிகளிலிருந்து சில பத்து மில்லிநொடிகள் வரைதான் அதன் ஆயுள்.

மின்னல் படம் எடுப்பவர்கள் மழையைத் தேடிப் போவார்கள். இங்கே மழையை விட்டு விலகிப் போக வேண்டும். மேகத்துக்கு அடியில் நிற்பவருக்கு அதன் அடிப்பாகம் மட்டும்தான் தெரியும். விலகி நின்றால்தான் மேகமும் அதற்கு மேலே உள்ள வானமும் சேர்ந்து கண்ணில் படும். கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து வருவதுதான்.

முதலில், அங்கே என்ன நடக்கிறது?

தரையில் இறங்கும் மின்னல்களில் பெரும்பாலானவை மேகத்திலிருந்து எதிர்மின்னூட்டத்தைக் கொண்டுவருபவை. கொஞ்சம் மின்னல்கள் மட்டும் நேர்மின்னூட்டத்தைக் கொண்டுவரும். இவை எண்ணிக்கையில் குறைவு, ஆனால் பலத்தில் அதிகம். அப்படிப்பட்ட ஒரு மின்னல் ஒரேயடியாகப் பெரும் மின்னூட்டத்தை இறக்கிவிடும்போது, மேகத்துக்கு மேலே வெகு உயரம் வரை மின்புலம் திடீரென்று எகிறும். தரைமட்டத்தில் உள்ள அடர்த்தியான காற்றை அந்தப் புலத்தால் ஒன்றும் செய்ய முடியாது. 75 கி.மீ. உயரத்தில் காற்று பல்லாயிரம் மடங்கு மெலிந்திருப்பதால் அங்கே அது தாராளமாகப் போதும். நைட்ரஜன் மூலக்கூறுகள் கிளர்ந்து சிவப்பாக ஒளிர்கின்றன. அந்த ஒளியிலிருந்து கீழே இறங்கும் விழுதுகளின் நுனியில் கொஞ்சம் நீலம் கலந்திருக்கும்.

இப்படி நடக்க முடியும் என்று இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சன் 1920களிலேயே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். விமானிகள் சிலரும் மேகத்துக்கு மேலே விசித்திரமான ஒளியைப் பார்த்ததாகச் சொல்லிவந்தார்கள், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1989 ஜூலை 6 இரவு, மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ஜான் விங்க்ளர் குழுவினர் ராக்கெட் ஆய்வு ஒன்றுக்காக ஒரு மங்கொளி வீடியோ கேமராவைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். தொலைவில் இருந்த இடிமழைக்கு மேலே இரட்டை ஒளித்தூண் ஒன்று அதில் தற்செயலாகப் பதிவானது. உலகின் முதல் ஸ்பிரைட் படம் அதுதான். அன்று ஆய்வுக்கூடத்துக்கே உரியதாக இருந்த அளவு ஒளியுணர்வு இன்று கடையில் வாங்கும் கேமராவிலேயே வந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கட்டுரைக்கு அவசியம் வந்தது.

ஸ்பிரைட்டுக்கு உறவுக்காரர்களும் உண்டு. மேகத்தின் உச்சியிலிருந்தே நீலமாகக் கிளம்பி 40, 50 கி.மீ. வரை ஏறுவது நீல ஜெட். சில சமயம் அது 70 கி.மீ.யையும் தாண்டிப் போய்விடும், அப்போது ராட்சத ஜெட் என்கிறார்கள். சுமார் 90 கி.மீ. உயரத்தில் நூற்றுக்கணக்கான கி.மீ. அகலத்துக்கு வளையமாக விரிந்து, ஒரு மில்லிநொடிக்குள் மறைந்துவிடுவது எல்வ். தொடக்கத்தில் ஸ்பிரைட்டை மட்டும் குறிவையுங்கள். நீல ஒளியைக் காற்று சிதறடித்துவிடும் என்பதால் ஜெட்டைத் தொலைவிலிருந்து பார்ப்பது கடினம். எல்வ் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருப்பதில்லை. இரண்டும் கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளலாம்.

சரியான மழையைத் தேர்ந்தெடுப்பது

எல்லா இடிமழையும் ஸ்பிரைட் தராது. ஒற்றையாக எழும்பி, ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துபோகும் இடிமேகம் எவ்வளவு ஆவேசமாக மின்னினாலும் அநேகமாக ஒன்றும் கிடைக்காது. தேட வேண்டியது, பல இடிமேகங்கள் ஒன்றுசேர்ந்து நூற்றுக்கணக்கான கி.மீ. அகலத்துக்குப் படர்ந்த பெரிய தொகுதி. இத்தகைய தொகுதியின் முன்வரிசையில் கொட்டும் மழையும் இடைவிடாத மின்னலும் இருக்கும். பின்னால் அகலமான, சீராகத் தூறும் பகுதி இழுபட்டு வரும். நமக்கு வேண்டியது அந்தப் பின்பகுதி. அங்கே மின்னல் அடிக்கடி வராது. வரும்போது மேகம் முழுக்கப் படர்ந்து ஓடி, பெரிய அளவு நேர்மின்னூட்டத்தைத் தரையில் இறக்கும்.

கணினியிலோ கைப்பேசியிலோ மூன்று விஷயங்களைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்: அகச்சிவப்புச் செயற்கைக்கோள் படம், மழை ரேடார், மின்னல் வரைபடம். செயற்கைக்கோள் படத்தில் மிகக் குளிர்ந்த மேக உச்சி வட்டமாகவும் பெரிதாகவும் தெரிய வேண்டும். ரேடாரில் அடர்சிவப்புக் கோட்டுக்குப் பின்னால் மஞ்சளும் பச்சையுமாக அகலமான பகுதி இருக்க வேண்டும். மின்னல் வரைபடத்துக்கு, தன்னார்வலர்கள் நடத்தும் பிளிட்ஸ்ஆர்ட்டுங் வலைப்பின்னல் உலகின் பல பகுதிகளைக் காட்டுகிறது. பொதுவாகக் கிடைக்கும் வரைபடங்களில் பலவும் ஒரு மின்னல் நேர் வகையா எதிர் வகையா என்று காட்டுவதில்லை. அதனால் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். மின்னல் எண்ணிக்கை உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்கத் தொடங்கும் நேரம்தான் பெரும்பாலும் நல்ல நேரம். பலர் ‘மழை ஓய்கிறது’ என்று கேமராவை மூட்டை கட்டும் நேரம் அது. அப்போதுதான் உட்கார வேண்டும்.

எங்கே நிற்பது, எங்கே பார்ப்பது

உங்களுக்கும் மழைக்கும் இடையே 150 முதல் 350 கி.மீ. வரை இருந்தால் வசதி. 100 கி.மீ.க்குள் வந்தால் மேகத்தின் விரிந்த உச்சியே வானத்தை மறைக்கத் தொடங்கும். 500 கி.மீ.க்கு மேல் போனால் ஸ்பிரைட் அடிவானப் புழுதியிலும் ஈரத்திலும் மங்கிவிடும்.

எவ்வளவு உயரத்தில் பார்க்க வேண்டும் என்பதைப் பூமியின் வளைவையும் சேர்த்துக் கணக்கிடலாம். மழை 200 கி.மீ. தொலைவில் என்றால் ஸ்பிரைட் அடிவானத்துக்கு மேலே சுமார் 13 பாகையிலிருந்து 23 பாகை வரை நிற்கும். 300 கி.மீ. என்றால் 8 முதல் 15 பாகை. அதே 300 கி.மீ.யில் 15 கி.மீ. உயர மேகத்தின் உச்சி ஒன்றரைப் பாகைதான் தெரியும், அதாவது அடிவானத்தோடு ஒட்டிக் கிடக்கும். கையை நீட்டி முஷ்டியை மூடினால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. எனவே 300 கி.மீ. மழைக்கு, அடிவானத்திலிருந்து ஒரு முஷ்டி உயரத்தை மையமாக வைத்துப் பார்த்தால் சரியாக இருக்கும். மின்னல் வெட்டும் இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஸ்பிரைட் தெரியாது. அது நீங்கள் பார்க்கும் இடத்துக்கு மேலே வந்துவிட்டுப் போய்விடும்.

இடம் இருட்டாக இருக்க வேண்டும், முக்கியமாக மழை இருக்கும் திசையில் ஊர் விளக்கு இருக்கக் கூடாது. அந்தப் பக்கம் மலையோ மரமோ அடிவானத்தை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிலா வெளிச்சம் இல்லாத இரவு நல்லது.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. தொலைவில் உள்ள மழையால் ஆபத்தில்லை. ஆனால் உங்கள் பக்கத்திலேயே புதிய மேகம் எழும்பலாம், நீங்கள் வேறு திசையை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். இடிச்சத்தம் காதில் விழுந்தால் அந்த மின்னல் உங்களை எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது என்று அர்த்தம். உடனே கட்டடத்துக்குள்ளோ, உலோகக் கூரையுள்ள காருக்குள்ளோ போய்விடுங்கள். டிரைபாடை மடக்குவதற்குக்கூட நிற்க வேண்டாம்.

கேமரா

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இரவு வானத்தைப் படம் எடுத்துப் பழகியவர்கள் கொண்டுவரும் பழக்கம் ஒன்று ஸ்பிரைட்டுக்குப் பொருந்தாது. நட்சத்திரம் மங்கலாக இருந்தால் ஷட்டரை அதிக நேரம் திறந்து வைப்போம். நட்சத்திரம் அங்கேயே இருப்பதால் வெளிச்சம் சேர்ந்துகொண்டே போகும். ஸ்பிரைட் பத்து மில்லிநொடி ஒளிர்ந்துவிட்டு அணைந்துவிடுகிறது. ஷட்டர் ஒரு நொடி திறந்திருந்தாலும் முப்பது நொடி திறந்திருந்தாலும் அதிலிருந்து வரும் ஒளி அதே அளவுதான். நேரத்தைக் கூட்டக் கூட்டப் பின்னணி வானம்தான் வெளுத்து, ஸ்பிரைட்டை விழுங்கும். ஆகவே ஸ்பிரைட்டைப் பிரகாசமாக்க உங்கள் கையில் இருப்பவை இரண்டே இரண்டு: லென்ஸின் திறப்பு (எஃப் எண்), சென்சாரின் உணர்திறன் (ஐ.எஸ்.ஓ.).

லென்ஸ் எஃப் 1.4 அல்லது எஃப் 1.8 ஆக இருந்தால் நல்லது, எஃப் 2.8 சமாளிக்கலாம். குவியத் தூரத்தைப் பொறுத்தவரை, முழுச்சட்டக கேமராவில் 35 அல்லது 50 மி.மீ. லென்ஸ் போதும். 50 மி.மீ. லென்ஸ் பக்கவாட்டில் 40 பாகையும் மேல்கீழாக 27 பாகையும் பிடிக்கும். அடிவானத்தைச் சட்டகத்தின் கீழ் விளிம்பை ஒட்டி வைத்துவிட்டால் 200 கி.மீ. மழைக்கும் 300 கி.மீ. மழைக்கும் சேர்த்தே இடம் இருக்கும். மழை மிகவும் அகலமாக இருந்தால் 24 மி.மீ.க்குப் போகலாம், ஆனால் ஸ்பிரைட் சிறிதாகத் தெரியும்.

புதியவர்களுக்கு நான் வீடியோவைத்தான் சொல்வேன். நொடிக்கு 25 அல்லது 30 ஃபிரேம், ஷட்டர் அதே வேகத்தில், அதாவது நொடியில் 25இல் ஒரு பங்கு அல்லது 30இல் ஒரு பங்கு. லென்ஸ் முழுக்கத் திறந்திருக்கட்டும். ஐ.எஸ்.ஓ. 12,800இல் தொடங்கி 25,600 வரை ஏற்றிப் பாருங்கள். வெறுங்கண்ணுக்குத் தெரியும் அளவு மங்கலான நட்சத்திரங்கள் வீடியோவிலும் தெரிந்தால் அமைப்பு சரி. தெரியாவிட்டால் ஸ்பிரைட்டும் தெரியாது. வீடியோவில் இடைவெளி இல்லை, நேரமும் துல்லியமாகக் கிடைக்கிறது. கேமரா வீடியோவில் அந்த அளவு மங்கலைப் பிடிக்காது என்றால் மட்டும் ஸ்டில் படத்துக்குப் போங்கள். ஐ.எஸ்.ஓ. 6,400 அளவில் ஒன்றிரண்டு நொடிப் படங்களாகத் தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ‘லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷன்’ என்ற வசதியை அணைத்துவிடுங்கள். அது இயங்கும்போது, ஒவ்வொரு படத்துக்கும் பின் அதே நேர அளவு கேமரா குருடாக இருக்கும்.

ஃபோகஸ் கைமுறையில்தான். பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் வரை வளையத்தைத் திருப்புங்கள். லென்ஸில் பொறித்திருக்கும் முடிவிலிக் குறியை நம்ப வேண்டாம். சரியானதும் வளையத்தில் டேப் ஒட்டிவிடுங்கள். இரவு குளிரக் குளிர ஃபோகஸ் நகரும், அதனால் மணிக்கு ஒருமுறையாவது பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாமல் ஒரே அளவில் நிறுத்துங்கள். டிரைபாடில் இருக்கும்போது நடுக்கத் தடுப்பு தேவையில்லை, அணைத்துவிடுங்கள். லென்ஸில் பனி படியும் இரவுகளில் அதைச் சுற்றிச் சூடுபட்டை ஒன்று கட்டினால் உதவும். பேட்டரியும் மெமரி கார்டும் நினைத்ததைவிட அதிகம் வேண்டியிருக்கும்.

வெறுங்கண்ணால் பார்க்க முடியுமா?

முடியும். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரமாவது கொடுங்கள், அதற்குள் கைப்பேசித் திரையைப் பார்க்கக் கூடாது. ஒரு அட்டையை நீட்டிய கையில் பிடித்து, மின்னும் மேகத்தை மட்டும் மறைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு மின்னலும் கண்ணின் இருட்டுப் பழக்கத்தைக் கெடுத்துவிடும். அட்டைக்கு மேலே உள்ள வானத்தை எந்தப் புள்ளியிலும் நிலைக்காமல் பொதுவாகப் பார்த்துக்கொண்டிருங்கள்.

படத்தில் பார்த்த செக்கச்செவேலென்ற நிறத்தை எதிர்பார்க்காதீர்கள். இருட்டில் வேலை செய்யும் கண் செல்களுக்குச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. பிரகாசமான ஸ்பிரைட் மங்கிய செம்மையாகத் தெரியலாம், பெரும்பாலானவை சாம்பல் நிறத்தில் ஒரு துடிப்பாகத்தான் தெரியும். ‘பார்த்தேனா, பார்க்கவில்லையா’ என்ற சந்தேகம் எழும் அளவுக்குச் சட்டென்று முடிந்துவிடும். உடனே நேரத்தைச் சத்தமாகச் சொல்லுங்கள், பக்கத்தில் ஓடும் கேமராவின் மைக் அதைப் பிடித்துக்கொள்ளும். பிறகு வீடியோவில் அந்த நொடியைத் தேடினால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

பதிவில் தேடுவது

ஒரு மணி நேர வீடியோவில் 25 ஃபிரேம் கணக்குக்கு 90,000 ஃபிரேம்கள். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியதில்லை. மேகம் பெரிதாக ஒளிரும் இடத்தில் நிறுத்தி, அதற்கு ஒரு ஃபிரேம் முன்னாலிருந்து பத்து ஃபிரேம் பின்னால் வரை ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். ஸ்பிரைட் ஒன்று முதல் மூன்று ஃபிரேம்களில் இருக்கும். சில சமயம் மின்னலோடு ஒரே ஃபிரேமில் வரும், சில சமயம் கொஞ்சம் தாமதித்து வரும். மின்னலுக்கு நேர் மேலேதான் இருக்க வேண்டும் என்று இல்லை, பக்கவாட்டில் பல பத்து கி.மீ. தள்ளியும் தோன்றும், ஆகவே சட்டகம் முழுவதையும் பாருங்கள். அசைவைத் தானாகக் கண்டுபிடிக்கும் மென்பொருள்களும் இருக்கின்றன. எரிகல் பார்ப்பவர்கள் பயன்படுத்தும் யூ.எஃப்.ஓ. கேப்சர் அவற்றில் பழையது. முதல் சில இரவுகளையாவது கண்ணால் தேடிப் பழகுங்கள் என்பேன். ஸ்பிரைட் எப்படியெல்லாம் இருக்கும் என்று அப்போதுதான் பிடிபடும்.

முதல் பார்வையில் வெறும் மெல்லிய செங்குத்துக் கோடுகளாகத் தெரியும். அதைப் பெரிதாக்கினால், மேலே கலைந்த முடிக்கற்றை போன்ற மங்கிய பகுதி, நடுவில் பிரகாசமான கட்டி, அதிலிருந்து கீழே இறங்கும் நுண்ணிய விழுதுகள் என்று தனித்தனியாகப் பிரியும். வடிவத்தை வைத்துத் தூண், கேரட், ஜெல்லிமீன் என்று பெயரிட்டிருக்கிறார்கள். ஸ்பிரைட்டுக்குச் சற்று முன்னால் தட்டையான மங்கல் வட்டம் ஒன்று தெரிந்தால் அது ஹேலோ. அரிதாக, பெரிய ஸ்பிரைட்டின் உச்சியில் பச்சை நிறம் சில நூறு மில்லிநொடி தங்கி நிற்கும். அதைக் கோஸ்ட் என்கிறார்கள்.

ஏமாற்றும் ஒளிகளும் உண்டு. லென்ஸுக்குள் எதிரொளித்த மின்னல், சட்டகத்தின் மையத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ஒளிப்பொட்டாக விழும், ஒவ்வொரு பெரிய மின்னலுக்கும் அதே இடத்தில் வரும். விமானமும் செயற்கைக்கோளும் பல ஃபிரேம்களில் நகரும். எரிகல் கோடு எந்தச் சாய்விலும் இருக்கலாம், மின்னலோடு ஒத்துப்போகாது. மேக உச்சியிலிருந்து கிளம்பும் சாதாரண மின்னலும் இருக்கிறது, ஆனால் அது மேகத்தோடு ஒட்டியிருக்கும். ஸ்பிரைட்டுக்கும் மேகத்துக்கும் இடையே இருட்டு இடைவெளி இருக்கும். இன்னொன்று: பெரும்பாலான கேமராக்கள் ஒரு ஃபிரேமை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கின்றன. அதனால் ஸ்பிரைட் பாதியில் வெட்டுப்பட்டது போலவோ, வானத்தில் நேர்கோட்டில் வெளிச்சப் பட்டை விழுந்தது போலவோ தெரியலாம். அது கேமராவின் வேலை.

நேரமும் திசையும்

அழகான படத்தைவிட நேரம் சரியாகக் குறித்த சுமாரான படம் மதிப்புள்ளது. இதை நான் உறுதியாகச் சொல்கிறேன். 2022 மே 19 இரவு, இமயமலைப் பகுதியில் சீனப் படக்கலைஞர்கள் இருவர் ஒரே மழையின் மேல் 105 ஸ்பிரைட்களைப் பதிவு செய்தார்கள். பின்னால் ஆய்வாளர்கள் அந்த வீடியோவில் தெரிந்த செயற்கைக்கோள்களின் பாதையையும் நட்சத்திரங்களின் நிலையையும் வைத்து நேரத்தைத் திருத்தி, ஸ்பிரைட்களில் பெரும்பாலானவற்றை உண்டாக்கிய மின்னல்களைக் கண்டுபிடித்தார்கள். நேரம் மட்டும் சரியாக இல்லையென்றால் அவை அழகான படங்களாகவே நின்றிருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. பதிவு தொடங்கும்போதும் முடியும்போதும், இணையத்தோடு ஒத்திசைந்த கைப்பேசிக் கடிகாரத்தை நொடி தெரியும்படி லென்ஸுக்கு முன் காட்டுங்கள். கேமராவின் உள் கடிகாரம் நாளுக்கு நாள் விலகும். நேரத்தை உலகப் பொது நேரத்தில் (யு.டி.சி.) எழுதுங்கள், இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையையும் குறித்து வையுங்கள்.

திசைக்கு நட்சத்திரங்களே போதும். ஸ்டெல்லேரியம் என்ற வான்வரைபட மென்பொருளில் உங்கள் இடத்தையும் நேரத்தையும் கொடுத்து, ஸ்பிரைட்டுக்குப் பக்கத்தில் உள்ள நட்சத்திரத்தின் திசைக்கோணத்தையும் உயரக்கோணத்தையும் படியுங்கள். வரைபடத்தில் உங்கள் இடத்திலிருந்து அந்தத் திசையில் ஒரு கோடு இழுங்கள். அதே நொடியில் அந்தக் கோட்டை ஒட்டி விழுந்த பெரிய மின்னல் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். தூரத்தை உயரக்கோணத்தின் டேன்ஜென்டால் பெருக்கி, அதோடு தூரத்தின் வர்க்கத்தை 12,740ஆல் வகுத்துக் கூட்டினால் ஸ்பிரைட்டின் உயரம் கி.மீ.யில் வரும். இரண்டாவதாகக் கூட்டுவது பூமியின் வளைவுக்காக. எடுத்துக்காட்டாக 240 கி.மீ. தூரம், 16.5 பாகை: பெருக்கல் 71, வளைவு 4.5, ஆக உயரம் ஏறக்குறைய 76 கி.மீ. ஸ்பிரைட் மின்னலிலிருந்து தள்ளி இருக்கலாம் என்பதால் இதில் 10 கி.மீ. வரை பிழை வரலாம். நண்பர் ஒருவர் 50, 100 கி.மீ. தள்ளி நின்று அதே ஸ்பிரைட்டை எடுத்திருந்தால், இரண்டு கோடுகள் வெட்டும் இடத்தை வைத்துப் பிழையைப் பெருமளவு குறைத்துவிடலாம்.

படம் கிடைத்த பிறகு அதை நாசாவின் ஸ்பிரிட்டாகுலர் திட்டத்துக்கு அனுப்புங்கள். உலகில் யார் வேண்டுமானாலும் அனுப்பலாம் என்று 2022இல் தொடங்கிய திட்டம் அது. நிறம் ஏற்றி, இரைச்சல் நீக்கி அழகுபடுத்திய பிரதியைப் பகிர்வதற்கு வைத்துக்கொள்ளுங்கள், மூலக் கோப்பைக் கைபடாமல் தனியே சேமியுங்கள். வட்டில் இடம் இல்லை என்று வீடியோவை வெட்டும்போது ஸ்பிரைட்டுக்கு முன்னும் பின்னும் பத்துப் பத்து நொடியாவது விட்டு வெட்டுங்கள், கடிகாரம் காட்டிய துண்டுகளையும் சேர்த்தே வைத்திருங்கள்.